நாடி தைக்கக் கற்பித்தவர்



1894ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆந் திகதி இரவு, பிரான்சு தேசத்து லியோன் நகரிலே, விருந்தொன்று முடிந்து வண்டியிலே சென்றுகொண்டிருந்த அந்நாட்டுச் சனாதிபதி சாடி கார்னோவை இத்தாலிய அராசகவாதி ஒருவன் கத்தியாற் குத்தினான். கத்தி ஈரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருநாளத்தைக் கிழித்துவிட்டது. லியோன் வைத்தியக் கல்விக்குப் பெயர்போன நகரம். சிறந்த சத்திரவைத்தியர் பலர் விரைந்து வந்து கூடினர். எனினும் கிழிந்த குழாயைச் செப்பனிடும் வழி அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது. நள்ளிரவு கழிந்து சிறிது நேரத்திற் சனாதிபதி உயிர் துறந்தார்.

இதயத்திலிருந்து உடலின் பாகங்களுக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களை நாடிகள் என்றும், இதயத்தை நோக்கி அதனை மீட்டுவரும் குழாய்களை நாளங்கள் என்றும் நம்முடைய விஞ்ஞான நூல்கள் கூறும். இவற்றுட் பெரியதொன்று அறுபட்டால் அக்காலத்துச் சத்திரவைத்தியர் செய்யக்கூடியது ஒன்றே. அதனை நூலினால் இறுகக் கட்டிவிடுதல். 16ஆம் நூற்றாண்டிலே அம்புறுவாஸ் பாரே என்னும் பிரெஞ்சுச் சத்திரவைத்தியர், வெட்டிய அவயவத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் சுடும் கொடிய வழக்கத்தை விடுத்து, நாடியைக் கட்டும் முறையைப் பரப்பினார். அதன் பின் முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் கலை பெரிதும் முன்னேறவில்லை. கட்டினாற் குருதிப் பெருக்கு நிற்கும். ஆனாற் கட்டுக்கு அப்பாலுள்ள கையோ காலோ குருதி பெறாது அழுகக்கூடும். உயிரைக் காப்பதற்கு உறுப்பை விலையாகக் கொடுப்பதே அன்றைய நியதி.

கார்னோ இறந்தபோது லியோனிலே வைத்தியம் பயின்றுகொண்டிருந்த ஓர் இளைஞன், துணியைத் தைப்பதுபோலக் குருதிக்குழாயையும் தைக்கத் தெரிந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று எண்ணினான். அலெக்சிஸ் கரெல் என்பது அவன் பெயர். லியோன் பட்டுக்கும் பூத்தையலுக்கும் பேர்போன ஊர். கரெல், லெறூடியே என்னும் பூத்தையற் பெண்மணியிடம் சென்று, மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளப் பழகினான். வைத்திய பட்டதாரியாகப் போகின்றவன் தையற்காரியின் முன்னே மாணாக்கனாய் அமர்ந்தான் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இந்த வரலாற்றில் இத்தகைய ஆசன மாற்றம் இன்னுமொரு முறை வரும்.

1902ஆம் ஆண்டிலே கரெல் தமது முறையை வெளியிட்டார். அறுபட்ட குழாயின் வாய் வட்டமானது. வட்டமான வாயை வட்டமாகவே தைத்தால் எதிர்ப்பக்கமும் ஊசியில் அகப்பட்டு அடைபட்டுவிடும். ஆகவே அவர் வட்டத்தின் மூன்று இடங்களிலே மூன்று தையல்களை இட்டு, அவற்றை மூன்று திசைகளில் இழுத்துப் பிடிக்கச் செய்தார். வட்டம் முக்கோணமாயிற்று. வளைந்த ஓரத்துக்குப் பதிலாக மூன்று நேரான ஓரங்கள் கிடைத்தன. நேரான ஓரத்தைத் தைப்பது எளிது. கேட்பதற்குச் சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த உபாயத்திற்காகவும், குழாய்களையும் உறுப்புக்களையும் இணைப்பதில் அவர் செய்த பிற வேலைகளுக்காகவும் 1912ஆம் ஆண்டில் அவருக்கு நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

உபாயம் எளிதாயினும் செயல் எளிதன்று. குழாயின் உட்படலம் பளிங்குபோல வழுவழுப்பானது. அதனை விரலால் நெருடினாலும், கவ்வியால் நசுக்கினாலும், ஊசியாற் சிறிது கிழித்தாலும் அவ்விடத்திலே குருதி உறைந்து குழாயை அடைத்துவிடும். இரு வாய்களும் பொருந்தும்போது உட்படலம் உட்படலத்தோடு பொருந்தவேண்டும்; நூலின் பிசிறு உள்ளே தொங்கலாகாது. தையல் இறுகினாற் குழாய் ஒடுங்கும். தளர்ந்தாற் குருதி கசியும். இறுக்கம் எவ்வளவு என்பதற்கு அளவுகோல் இல்லை. அதனைக் கை அறியவேண்டும். பொன்னுருக்கும் தட்டாரைக் கேட்டுப் பாருங்கள். ஊதுகின்ற மூச்சின் அளவை அவர் எந்தப் புத்தகத்தில் வாசித்தார் என்று!

இனி ஒரு விந்தையைக் கூறுகின்றேன். நோபெற் பரிசு பெற்ற இந்தக் கலை, அதன்பின் முப்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் நூல்களிலேயே தங்கிவிட்டது. இரண்டாவது உலக மகாயுத்தத்திலே அமெரிக்கப் படைகளிடையே நேர்ந்த நாடிக் காயங்களை ஆராய்ந்து, மைக்கேல் டிபேக்கி, சிமியோன் என்னும் இரு சத்திரவைத்தியர்கள் 1946ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட காயங்கள் 2,471. அவற்றுள் நாடி தைக்கப்பட்டவை 81 மட்டுமே. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பாரே காலத்துக் கட்டுத்தான்! அவ்வாறு கட்டப்பட்டவர்களுள் நூற்றுக்கு 49 பேர் கையையோ காலையோ இழந்தனர்.

இதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. குருதி உறைதலைத் தடுக்கும் எபாரின் என்னும் பொருள் 1916ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டதாயினும், நோயாளிக்கு அச்சமின்றிக் கொடுக்கத்தக்க தூய வடிவில் 1930களிலேயே கிடைத்தது. பெனிசிலின் அதற்கும் பிந்தியது. போர்க்களத்திலிருந்து காயக்காரர் சத்திரசாலையை அடைவதற்குள் பல மணி நேரம் கழிந்துவிடும். இவையாவும் உண்மை. ஆயினும் ஆசிரியத் தொழிலிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இன்னுமொரு காரணத்தை நான் இவற்றோடு சேர்ப்பேன். கலை வெளியாகியிருந்தது, ஆனாற் கற்பிக்கப்படவில்லை. கரெல் ஒப்பற்ற கைத்திறனாளர். அவருக்கு ஆய்வுகூடம் இருந்தது, புகழ் இருந்தது. ஆண்டுதோறும் இளைஞர் குழாமொன்றை முன்னிறுத்தி ஊசியைக் கையிற் கொடுத்துப் பழக்கும் பள்ளி இருக்கவில்லை.

அத்தகைய பள்ளி அமைவதற்கான அத்திவாரம் ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பால்டிமோர் நகரிலே இடப்பட்டிருந்தது. அங்கே 1889ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னும் பேராசிரியர் சத்திரசிகிச்சைக் கல்விக்குப் புதியதொரு முறையை வகுத்தார். அதற்கு முன்னர் மாணவர்கள் விரிவுரை மண்டபத்தின் வாங்குகளில் உட்கார்ந்து, தொலைவிலே பேராசிரியர் வெட்டுவதைக் கண்ணாற் பார்ப்பார்கள்; பட்டம் பெற்றதும் நோயாளியின் மேனியிலே தாமே பழகுவார்கள். ஹால்ஸ்ரெட், தாம் ஜேர்மனியிலே கண்ட முறையைத் தழுவி, பட்டம் பெற்ற இளைஞரை வைத்தியசாலையிலேயே குடியிருத்தினார். அவர்கள் முதலிற் பார்ப்பர், பின் உதவுவர், பின் ஆசிரியரின் கண் முன்னே செய்வர், இறுதியிற் பொறுப்பேற்றுத் தாமே செய்வர். ஆண்டுகள் இத்தனை என்ற கணக்கும் தொடக்கத்தில் இருக்கவில்லை. பலர் புகுந்து சிலரே உச்சிக்கு ஏறும் கூம்பு போன்றது அந்த ஏற்பாடு. அதன் கடுமையைப்பற்றிக் குறை சொன்னவர்களும் உளர். ஆயினும் இன்று உலகெங்கும் சத்திரவைத்தியர் பயிலும் முறைக்கு அதுவே மூலம். 1905ஆம் ஆண்டளவில் அங்கே ஹண்டேரியன் ஆய்வுகூடம் என்றொரு கட்டடமும் எழுந்தது. மனிதரைத் தொடுமுன் மாணவர் விலங்குகளிலே சத்திரசிகிச்சை பழகுதற்கென அமைந்த இடம் அது.

நம் கதையின் நாயகர் அந்த ஆய்வுகூடத்தை அடைந்தது 1941ஆம் ஆண்டில். அவர் வைத்தியரல்லர், கல்லூரியின் வாயிலையும் மிதித்தவரல்லர். விவியன் தொமஸ் என்னும் கறுப்பின இளைஞர் அவர்.

தொமஸ் 1910ஆம் ஆண்டிற் பிறந்து டெனசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். தந்தையார் தச்சர். தந்தையிடம் தச்சு வேலை பழகி, உயர்தரப் பாடசாலைக் கல்வியை 1929ஆம் ஆண்டில் முடித்து, வைத்தியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு கூலியைச் சேமித்து வந்தார். பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வேலை போயிற்று. 1930ஆம் ஆண்டு பெப்ரவரியில், அதே நகரிலுள்ள வண்டபில்ற் சர்வகலாசாலையிலே அல்பிரட் பிளேலொக் என்னும் இளம் சத்திரவைத்தியரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். கொஞ்சக் காலத்துக்கென்றே சேர்ந்தார். அவ்வாண்டிலேயே வங்கி முறிந்து சேமிப்பும் அழிந்தது. கொஞ்சக் காலம் என்று தொடங்கியது ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

பிளேலொக்கும் அவருடன் வேலைசெய்த ஜோசப் பியேட் என்பவரும் தொமசுக்கு ஆய்வுகூட வேலையைக் கற்பித்தனர். சில மாதங்களுக்குள் நாய்களிலே நுட்பமான சத்திரசிகிச்சைகளைத் தனியே செய்யத்தக்கவரானார் தொமஸ். தச்சனின் கை அல்லவா! உளியின் அழுத்தத்தை அறிந்த கை ஊசியின் அழுத்தத்தையும் விரைவில் அறிந்துகொண்டது. தொடக்க காலத்திலே ஒருநாள், ஏதோ ஒரு தவறுக்காகப் பிளேலொக் அவரைத் தகாத சொற்களால் ஏசினார். தொமஸ் அமைதியாகச் சென்று, இத்தகைய பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நானல்லன். இது தொடருமாயின் நான் போய்விடுகின்றேன் என்னும் பொருள்படக் கூறினார். பிளேலொக் மன்னிப்புக் கேட்டார். 1930ஆம் ஆண்டுத் தென்மாநிலத்திலே கறுப்பின உதவியாளனிடம் வெள்ளையரான வைத்தியர் மன்னிப்புக் கேட்டார் என்பது சிறு செய்தியன்று. ஆயினும் அதே காலத்திலே சர்வகலாசாலையின் சம்பளப் பதிவேட்டில் தொமஸின் உத்தியோகம் கூட்டித் துடைக்கும் ஊழியன் என்றே பதியப்பட்டிருந்தது. மனிதர் மாறுவது ஒருபுறம். பதிவேடுகள் மாறுவது வேறொருபுறம்.

காயம்பட்டவர்கள் அதிர்ச்சியால் இறப்பதேன் என்பதுபற்றி இருவரும் செய்த ஆராய்ச்சி, போர்க்காலத்திலே குருதியும் குருதித் திரவமும் ஏற்றும் சிகிச்சைக்குத் துணையாயிற்று. 1938ஆம் ஆண்டளவிற் செய்த வேறொரு பரிசோதனை தோல்வியுற்றது. கைக்குச் செல்லும் நாடியைச் சுவாசப்பை நாடியோடு தைத்து, சுவாசப்பையிலே குருதியமுக்கத்தை உயர்த்திப் பார்க்க எண்ணினர். அமுக்கம் உயரவில்லை. ஆனால் தையல் நிலைத்தது. இந்தத் தோல்வியை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும்.

1941ஆம் ஆண்டிலே பிளேலொக், தாம் பயின்ற ஹொப்கின்சுக்கே சத்திரசிகிச்சைத் துறைத் தலைவராக அழைக்கப்பட்டார். தொமசும் குடும்பத்தோடு பால்டிமோர் சென்றார். அங்கே இனப் பிரிவினை கடுமையாயிருந்தது. அந்த வைத்தியசாலையிலே அன்று கறுப்பினத்தவர் கூட்டித் துடைக்கும் வேலைகளிலேயே இருந்தனர். ஆய்வுகூடத்து வெண்ணிற அங்கியோடு தொமஸ் தாழ்வாரத்திலே நடந்துசென்றபோது, எதிரே வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்களாம்.

ஹெலன் டவுசிக் என்னும் பெண் வைத்தியர் அங்கே குழந்தைகளின் இதய நோய்ப் பிரிவை நடத்தி வந்தார். செவிப்புலன் குன்றியவர், பிறர் கருவி வைத்துக் கேட்கும் இதயத் துடிப்பை விரல்களால் உணர்ந்து நோயைக் கண்டவர். அவரிடம் வரும் குழந்தைகளிற் பலர் உதடும் நகமும் நீலம் பாரித்தவர்கள். இதயத்தின் பிறவிக் குறையினால் அவர்களுடைய சுவாசப்பைக்குப் போதிய குருதி செல்வதில்லை. ஆகவே குருதியில் ஒட்சிசன் குறைந்து நீல நிறம் உண்டாகிறது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கிக் குந்திக்கொள்வார்கள். பலர் சிறு வயதிலேயே இறந்துவிடுவர். பிறக்குமுன் கருவிலே திறந்திருக்கும் ஒரு குழாய் சில குழந்தைகளிற் பிறந்தபின்னும் திறந்தே இருப்பதுண்டு. நீலக் குழந்தைகளுள் அத்தகையோர் ஓரளவு நலமாக இருப்பதையும், அக்குழாய் மூடியதும் நோய் முற்றுவதையும் டவுசிக் கவனித்திருந்தார். அப்படியானால் அத்தகைய குழாயொன்றைச் செயற்கையாக அமைத்தால் என்ன? பொஸ்ரன் நகரிலே புகழ்பெற்றிருந்த ரொபேட் குறோஸ் என்னும் சத்திரவைத்தியரை முதலிற் கேட்டார். அவர் ஆர்வம் காட்டவில்லை. பிளேலொக்கிடமும் தொமஸிடமும் கேட்டார். நாஷ்விலிலே தோல்வியுற்ற அந்தத் தையல் அப்பொழுது அவர்களுக்குக் கைகொடுத்தது.

ஆயத்த வேலை தொமசின் தலையில் விழுந்தது. குழந்தையின் நோயை ஒத்த நிலையை நாயிலே உண்டாக்கவேண்டும். பின்னர் அதனைத் தையலினாலே தீர்க்கவேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், ஏறத்தாழ 200 நாய்கள். நெடுங்காலம் பிழைத்திருந்த முதல் நாயின் பெயர் அன்னா. பிற்காலத்தில் அந்த வாயில்லாச் சீவனின் ஓவியத்தையும் ஹொப்கின்சிலே மாட்டினார்கள். அவ்வளவு சிறிய குழாய்களுக்கேற்ற கருவிகள் கடைகளில் இல்லை. தொமஸ் ஊசிகளைத் தறித்துத் தீட்டியும், கவ்விகளை மாற்றியமைத்தும் வேண்டியவற்றைத் தாமே ஆக்கிக்கொண்டார்.

1944ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆந் திகதி, பதினைந்து மாதமும் பத்து இறாத்தலுக்குக் குறைந்த எடையுமுள்ள ஒரு பெண் குழந்தை சத்திரசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. (நாடித் தையலை உலகுக்குக் காட்டிய கரெல் பாரிசு நகரிலே இறந்தது அதே நவம்பர் மாதம் 5ஆந் திகதி என்பது காலத்தின் ஒரு பொருத்தம்.) அந்த இணைப்பைத் தலைமை தாங்கிச் செய்யும் அனுபவம் பிளேலொக்குக்கு மிகக் குறைவு, முழுமையாக அறிந்த கை தொமசுடையது. ஆனால் மனித உடலைத் தொடும் உரிமை அந்தக் கைக்கு இல்லை. பிளேலொக், தொமசை அழைப்பித்துத் தமக்குப் பின்னாலே ஒரு சிறிய முக்காலியின்மீது நிறுத்திக்கொண்டார். துறைத் தலைவர் தோளுக்கு மேலாகக் கேட்கிறார். பட்டம் பெறாதவர் விடை கூறுகின்றார். நாடியின் நீளம் போதுமா? தையல்களுக்கிடையே இந்த இடைவெளி சரியா? ஊசி தவறான திசையிற் செல்லும்போது, பின்னாலிருந்து மெல்லிய குரலிலே திருத்தம் வரும். வில்லியம் லோங்மயர் உதவிக்கு நின்றார். டென்ரன் கூலி என்னும் பயிற்சி வைத்தியரும் அந்த அறையில் இருந்தார்.

குழந்தை அன்று பிழைத்தது. சில மாதங்களின் பின் நோய் மீண்டு, மறுபடியும் செய்த சிகிச்சைக்குப் பின் இறந்தது. ஆயினும் 1945ஆம் ஆண்டு பெப்ரவரியில் மூன்றாவது நோயாளியான ஆறு வயதுச் சிறுவனின் நாடியிலிருந்து கவ்விகளை எடுத்ததும், நீலமாயிருந்த உதடுகள் மேசைமீதே சிவந்தன. அவ்வாண்டு மே மாதம் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையிலே பிளேலொக், டவுசிக் என்னும் இருவரின் பெயரிலே கட்டுரை வெளியாயிற்று. தொமசின் பெயர் அதில் இல்லை.

கட்டுரை வெளியானதும் நீலக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு பெற்றோர் திரண்டு வந்தனர். அவர்களுக்குப் பின்னே, கற்றுக்கொள்வதற்காக வைத்தியர்களும் வந்தனர். நான் கூறவந்த வரலாற்றின் நடுப்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. சத்திரசிகிச்சை ஒன்று வெற்றிபெறுவது வேறு. அதைச் செய்யவல்ல நூறு கைகள் உண்டாவது வேறு. ஹால்ஸ்ரெட் வகுத்த ஏணியிலே ஏறிக்கொண்டிருந்த இளம் வைத்தியர்கள், தங்கள் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை ஹண்டேரியன் ஆய்வுகூடத்திற் கழித்தனர். அங்கே அவர்களுக்கு நாடி தைக்கக் கற்பித்தவர் தொமஸ். ஆண்டுக்கு ஆண்டு புதியவர் வருவர், பழகியவர் போவர், கற்பிப்பவர் மட்டும் அதே மேசையருகில் நின்றார். உட்படலத்தை நெருடாமற் குழாயை எடுத்தல், கவ்வியை நசுக்காமல் இறுக்குதல், ஊசியைக் குழாயின் வளைவோடு திருப்புதல், நூலை ஒரே இழுப்பில் ஒரே அளவாய் வைத்தல் ஆகியவற்றை அவர் பேசி விளக்கியது குறைவு. செய்து காட்டியதே பெரிது. அவரது கையிலே வீணான அசைவு ஒன்றேனும் இருந்ததில்லை என்று கூலி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அந்த மாணாக்கர் யாவர்? கூலி ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரிலே பெரியதோர் இதய நிலையத்தை 1962ஆம் ஆண்டில் நிறுவி, 1969இல் மனிதரில் முதன்முதலாகச் செயற்கை இதயத்தைப் பொருத்தியவர். டேவிட் சபிஸ்ரன் டியூக் சர்வகலாசாலையிலும், ஹென்றி பான்சன் பிட்ஸ்பேர்க்கிலும் துறைத் தலைவரானார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலே பயிற்சிப் பள்ளி அமைத்தனர். இவ்வாறு பால்டிமோரின் மேசையிலே பழகிய கையசைவு ஐக்கிய அமெரிக்கா முழுவதும் பரவிற்று.

பிளேலொக்கின் துறையிலே பயின்ற பிராங்க் ஸ்பென்சர், கொரிய யுத்தத்திற்குக் கடற்படை வைத்தியராகச் சென்றார். அங்கே அவரும், தரைப்படையைச் சேர்ந்த ஹியூஸ், யான்கி முதலியோரும் அறுபட்ட நாடிகளைக் கட்டாமற் தைத்தனர். யுத்தம் முடிந்தபின் ஹியூஸ் வெளியிட்ட கணக்கின்படி, 304 நாடிக் காயங்களில் அவயவம் இழந்தவர் நூற்றுக்கு 13 பேர். பழைய கணக்கு 49 என்பதை நேயர்கள் நினைவு கூர்க. எலிகொப்டர்கள் காயக்காரரை விரைவாகக் கொண்டுவந்தன. மருந்துகளும் குருதி ஏற்றமும் கைகொடுத்தன. அவற்றின் பங்கை யாரும் மறுக்கமாட்டார். ஆயினும் எலிகொப்டர் எவ்வளவு விரைந்து வந்தாலும், அது வந்திறங்கும் கூடாரத்திலே நாடி தைக்கப் பழகிய கையொன்று காத்திருக்கவேண்டுமல்லவா? எட்டே ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய கைகள் மிக அரிதாயிருந்தன.

மீண்டும் பால்டிமோருக்குச் செல்வோம். பகலிலே வைத்தியர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்பித்த தொமஸ், சம்பளம் போதாமையால் சில மாலைகளிலே பிளேலொக் வீட்டு விருந்துகளில் மதுபானம் பரிமாறும் வேலையும் செய்தார். பகலில் அவரிடம் பயின்றவர்களே மாலையில் அவர் நீட்டும் தட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்தனர். பிளேலொக்கைப்பற்றி இங்கே தீர்ப்புக் கூறுவது கடினம். தொமசுக்கு இடமில்லை என்று கூறிய வேறொரு பதவியை வேண்டாமென்று தள்ளியவரும் அவரே; சத்திரசாலையிலே உலகறியத் தொமசைத் தம் பின்னால் நிறுத்தியவரும் அவரே; கட்டுரையிலே பெயரை விட்டவரும் அவரே. இதயத்தின் இரு மேலறைகளுக்கிடையே வழி அமைக்கும் இன்னொரு சிகிச்சையைத் தொமஸ் தனித்து வகுத்தபோது, அந்தத் தையலைத் தடவிப் பார்த்து வியந்து நின்றாராம் பிளேலொக். ஆனால் அச்சிகிச்சை வைத்திய நூல்களிற் பிளேலொக், ஹான்லன் என்னும் இருவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நன்றி உள்ள மனிதர், வழக்கத்தை மீறாத மனிதர். இரண்டும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் உலகில் அபூர்வமன்று.

துரோணர் ஏற்க மறுத்த ஏகலைவனின் கதையை நாம் அறிவோம். இங்கே கதை தலைகீழானது. மாணாக்கர் ஏற்றுக்கொண்டனர், நிறுவனந்தான் ஆசிரியரை ஆசிரியர் என்று எழுத மறுத்தது. 1964ஆம் ஆண்டிற் பிளேலொக் இறந்தார். அதன் பின்னரும் தொமஸ் ஆய்வுகூடங்களை மேற்பார்த்துக் கற்பித்து வந்தார். அவரிடம் பயின்றவர்கள், அப்பொழுது நாடெங்கும் பேராசிரியர்களாக இருந்தவர்கள், தாமே முன்னின்று பணம் திரட்டி அவருடைய உருவப்படத்தைத் தீட்டுவித்து 1971ஆம் ஆண்டில் வைத்தியசாலைக்கு அளித்தனர். அப்படம் பிளேலொக்கின் படத்தின் அருகிலே மாட்டப்பட்டது. 1976ஆம் ஆண்டிலே சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. வைத்தியத்திலன்று, சட்டத்தில், விதிகள் அவ்வளவுக்கே இடங்கொடுத்தனவாம்! அக்காலத்திலேயே சத்திரசிகிச்சைப் போதனாசிரியர் என்னும் பதவியும் கிடைத்தது. அப்பதவிக்குரிய வேலையை அவர் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

1971ஆம் ஆண்டிலே ஹொப்கின்சுக்குப் பயிற்சிக்கு வந்த லெவி வொட்கின்ஸ் என்னும் கறுப்பின வைத்தியர் அவருக்கு நெருங்கியவரானார். அந்தத் துறையிலே தலைமைப் பயிற்சி வைத்தியராக உயர்ந்த முதற் கறுப்பினத்தவர் இவரே. இதயத் துடிப்பைத் தானாகவே திருத்தும் கருவியை 1980ஆம் ஆண்டில் மனிதரில் முதன்முதலாகப் பொருத்தியவரும் இவரே.

இதற்கிடையிற் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை தனித்துறையாக வளர்ந்தது. 1982ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவிலே அதற்கெனத் தனித் தகைமைச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. இன்று மெல்லிய குழலொன்றைத் தொடை நாடிவழியே செலுத்தி, வயிற்றைத் திறவாமலே உள்ளிருக்கும் நாடியைச் செப்பனிடும் முறைகள் பெருகிவிட்டன. அதனால் பயிற்சித் தலைவர்களுக்குப் புதியதொரு கவலை பிறந்திருக்கிறது. திறந்து தைக்கவேண்டிய நோயாளிகள் குறையக் குறைய, இளம் வைத்தியர் திறந்து தைக்கப் பழகும் வாய்ப்பும் குறைகின்றது. ஆனாற் குழலினாற் தீர்க்கமுடியாத காயம் ஒருநாள் நள்ளிரவில் வந்தே தீரும். ஆகவே செயற்கைக் குழாய்களிலும் விலங்கின் குழாய்களிலும் பழகும் மேசைகளைப் பல நாடுகளிலே மீண்டும் அமைத்து வருகின்றனர்.

தொமஸ் 1979ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். தம் வரலாற்றை எழுதி முடித்து, 1985ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி காலமானார். நூல் வெளிவந்தது அவ்வாண்டிலேயே. நீலக் குழந்தைகளுக்கான அந்த இணைப்பைப் பிளேலொக், தொமஸ், டவுசிக் என மூவர் பெயராலும் குறிக்கும் வழக்கம் இப்பொழுது வைத்திய ஏடுகளிற் பரவியிருக்கிறது. ஹொப்கின்ஸ் வைத்திய கலாசாலையிலே 2005ஆம் ஆண்டு முதல் மாணவர்களை நான்கு இல்லங்களாக வகுத்துவருகின்றனர். ஓர் இல்லத்துக்கு டவுசிக்கின் பெயர். மற்றோர் இல்லத்துக்குத் தொமசின் பெயர்.